தடைக்காலத்துச் சீட்டுக் கணக்கு

ஏப்ரல் 19, பாம்பன்

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, வலைக் கொட்டகையில் மதியத்துக்கு மேல் சீட்டுதான். ரம்மி எல்லாருக்கும் அலுத்துப்போனதால் பிளாக்ஜாக் பக்கம் இழுத்திருக்கிறேன். காசு கிடையாது, பந்தயம் சோழி. 21ஐத் தாண்டாமல் டீலரை, அதாவது சீட்டுப் போடுகிறவரை, முந்த வேண்டும், படச் சீட்டுக்கெல்லாம் 10, ஏஸுக்கு 1 அல்லது 11, அவ்வளவுதான் விதி. எனக்கு ஆட்டத்தைவிட அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கில்தான் ஆசை. எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் ஐபிஎம் 704 கணினியில் போட்டுப் பார்த்து, ஆட்டக்காரனும் சூதாட்ட விடுதியை முந்தலாம் என்று 1962இல் புத்தகமே எழுதிவிட்டார். தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது, சீட்டுக்கட்டுக்கு உண்டு; மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. ஒரே கட்டில் முதல் இரண்டு சீட்டிலேயே 'பிளாக்ஜாக்', அதாவது ஏஸும் 10 மதிப்புச் சீட்டும் சேர்ந்த 21, விழ வாய்ப்பு 4.8 சதவீதம், ஆனால் நாலு ஏஸும் ஏற்கெனவே போய்விட்டதென்றால் மீதிக் கட்டில் அது சுத்தமாகப் பூஜ்யம்.

ஏப்ரல் 22

போன சீட்டையெல்லாம் மனப்பாடம் பண்ணவேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வேண்டாம். 2 முதல் 6 வரை எது விழுந்தாலும் ஒன்று கூட்டு, 10, படம், ஏஸ் விழுந்தால் ஒன்று கழி, 7, 8, 9 வந்தால் கண்டுகொள்ளாதே. 52இல் சின்னது 20, பெரியது 20, நடுவில் 12, அதனால் கட்டு முடியும்போது பூஜ்யத்தில் வந்து நிற்கும். நடுவில் கூட்டலில் நின்றால் மீதிக் கட்டில் பெரிய சீட்டு அதிகம் என்று அர்த்தம், அதுதான் நமக்குச் சாதகம்.

படகு டிரைவரான என் மச்சானை ஒரு சீட்டைப் பார்க்காமல் உருவிக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். மீதி 51ஐயும் இரண்டிரண்டாகத் தள்ளினேன், ராஜாவும் 5ம் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும், எண்ணவே வேண்டாம். கடைசியில் கையில் கூட்டல் ஒன்று. "பெரிய சீட்டு" என்றேன், திருப்பினால் ஸ்பேடு ராணி. மச்சான் என் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தார்.

ஏப்ரல் 27

மச்சான் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "கட்டில் பெரிய சீட்டு மிச்சம் இருந்தா அது டீலருக்கும்தானே வரும்? நமக்கென்ன லாபம்?"

வரும், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வரும், ஆனால் பலன்தான் ஒரே மாதிரி இல்லை. நமக்கு பிளாக்ஜாக் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்றரை தருகிறார்கள், டீலருக்கு விழுந்தால் நாம் கட்டிய ஒன்றுதான் போகும். அதோடு 16 வரை டீலர் எடுத்தே ஆகவேண்டும், 14இல் பயந்து நின்றுகொள்ள அவருக்கு அனுமதி இல்லை, நமக்கு உண்டு. பெரிய சீட்டு நிறைந்த கட்டில் அந்தக் கட்டாயமே டீலரைக் கவிழ்க்கும். 10, 11 கையில் இருக்கும்போது பந்தயத்தை இரட்டிப்பாக்குகிற உரிமையும் நமக்கு மட்டும்தான். இப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே தெளிவாக விளங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மே 3

ஆறு கட்டு சேர்த்து ஆடினால் வெறும் எண்ணிக்கை போதாது, மீதியிருக்கும் கட்டால் வகுக்கவேண்டும். கூட்டல் 6, மூன்று கட்டு மிச்சம் என்றால் 2. ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் அரை சதவீதம் நம் பக்கம் சாயும், தொடக்கத்தில் விடுதிக்கு சுமார் அரை சதவீதம் சாதகம். ஆகவே 1இல் சமம், 2இல்தான் நமக்கு அரை சதவீதம். இவ்வளவு பாடுபட்டு அவ்வளவுதான்.

மே 9

இன்றைக்குத்தான் உண்மையான கணக்கு. எண்ணிக்கை நன்றாக ஏறி ஒரு சதவீதச் சாதகம் கிடைத்துவிட்டது, அந்த நிலையிலேயே நூறு ஆட்டம் ஆடுகிறோம் என்று வையுங்கள், ஆட்டத்துக்கு 100 ரூபாய். எதிர்பார்க்கும் லாபம் 100 ரூபாய். ஆனால் ஒரு ஆட்டத்தின் திட்டவிலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து விலகும் அளவு, சுமார் 1.15 பந்தயம், நூறு ஆட்டத்துக்கு வர்க்கமூலப்படி பத்து மடங்கு, அதாவது 1,150 ரூபாய் மேலேயும் கீழேயும் ஆடும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் 100 ரூபாய் எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறது? பத்தாயிரம் ஆட்டம் பிசகில்லாமல் ஆடியும் ஐந்தில் ஒருவர் நஷ்டத்தோடு எழுந்துபோவார். சாதகத்துக்கு ஏற்ப எவ்வளவு கட்டலாம் என்று கெல்லி என்ற ஆய்வாளர் 1956இல் சொன்ன சூத்திரப்படி பார்த்தால், இந்தச் சாதகத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் முதல் வைத்திருப்பவன் ஒரு கைக்கு 75 ரூபாய்க்கு மேல் கட்டக்கூடாது. எண்ணத் தெரிந்தவனைவிட, இப்படி அடக்கமாகக் கட்டத் தெரிந்தவனைத்தான் நான் பெரிய ஆள் என்பேன்.

மச்சான், "டீசல் கடனே இதைவிடத் தேவலை" என்று வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 14

டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருந்தால் 'இன்சூரன்ஸ்' என்ற தனிப் பந்தயம் கட்டலாம், அவர் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டு 10 மதிப்பாக இருந்தால் இரண்டு மடங்கு. மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 10 இருந்தால்தான் கட்டுபடியாகும். ஒரே கட்டில் அந்த ஏஸ் மட்டும் வெளியே வந்திருந்தால் 51இல் 16, அதாவது 31.4 சதவீதம். பேரைக் கேட்டு ஏமாறுகிறார்கள்.

அப்புறம் மச்சானின் தம்பி போனில் ஆடிப் பார்க்கவா என்று வந்தான். ஒவ்வொரு கைக்கும் கட்டைப் புதிதாகக் கலைக்கிற மென்பொருளில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம், அரை சதவீதம் எப்போதும் அவர்களுக்கு. அதிலும் பிளாக்ஜாக்குக்கு 2க்கு 3 தராமல் 5க்கு 6 தருகிற மேஜை என்றால் இன்னொரு 1.4 சதவீதம் போகும். 100 ரூபாய் கட்டினால் 150 வரவேண்டிய இடத்தில் 120. தம்பிக்கு அந்த 30 ரூபாய் மட்டும் சட்டென்று புரிந்தது.