கத்தரிப்பூவா, கத்தரிக்காயா?

ஜூலை 1, செவ்வாய். மாட்டுங்கா.

இன்று பட்டயக் கணக்காளர் தினம். 1949-ஆம் ஆண்டு இதே நாளில்தான் எங்கள் இன்ஸ்டிடியூட் பிறந்தது. ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன பங்கு என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன்பு என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. படிப்புக்கான ஆபீஸ் பயிற்சி, செய்த பெண் சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு வந்து நின்றாள். இப்போது அவளே ஒரு ஆடிட் ஆபீஸில் பார்ட்னர். “சார், உங்கள் பழைய நிறம்” என்று ஒரு சின்னப் புட்டியைக் கையில் வைத்தாள். 30 மில்லி ஊதா மை.

மையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மும்பையின் ஜூலை மாதத்தில் எந்த மையைச் சோதித்தாலும் அதன் மேல் விழும் பழியில் பாதி வானத்தைச் சேரும். சின்னதாகத் தொழில் நடத்துகிறவர் வயிற்றில் அடிக்க மனமில்லை.

அவள் போனதும் திருவள்ளூர் ரங்கா பேனாவை எடுத்தேன். கையால் கடைந்த கறுப்பு எபொனைட், அதாவது கெட்டி ரப்பர். கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையை உறிஞ்சி உடலுக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மூன்றாவது ஃபில்லரில் கை நடுங்கி ஒரு சொட்டு கட்டைவிரல் நகத்தின் இடுக்கில் இறங்கியது. இனி ஒரு வாரத்துக்கு அது அங்கேதான் குடியிருக்கும்.

புது மை என்றால் முதலில் பிள்ளையார் சுழி. ஈரமாக இருக்கும்போது ‘உ’வின் வால் கத்தரிக்காய்த் தோலைப் போல மினுங்கியது. உலர உலர உள்ளே சிவப்பு எட்டிப் பார்த்தது. கீழே கோடு இழுத்து நிமிர்ந்தபோது உள்ளங்கை ஓரம் முழுக்க மை. ‘உ’ பாதி அழிந்திருந்தது. சகுனம் பார்க்கிறவன் இல்லை நான். இருந்தாலும் இன்னொரு சுழி போட்டுவைத்தேன்.

ஜூலை 2, புதன்.

காகிதச் சோதனை. பேத்தியின் பள்ளி நோட்டில் ஒரு தாள், பழைய பைண்டு செய்த பேரேட்டில் மிஞ்சிய ஒரு தாள், பிரிண்டருக்குப் போடும் ஏ4 தாள் ஒன்று. மூன்றிலும் ஒரே வரியை எழுதி, ஐந்து விநாடிக்கு ஒரு முறை விரலால் தேய்த்துப் பார்த்தேன்.

பள்ளி நோட்டில் மை உடனே உலர்ந்துவிட்டது, ஆனால் வேர்விட்டது. ஒவ்வோர் எழுத்திலிருந்தும் மெல்லிய நரம்புகள் ஓடி, ‘ண’ எது ‘ன’ எது என்று தெரியவில்லை. பின்பக்கத்தில் எழுத வழியே இல்லை. ஏ4 தாளும் ஏறக்குறைய அப்படித்தான். பேரேட்டுத் தாளில்தான் கோடு கத்தியால் வெட்டியது போல நின்றது. அதிலோ நாற்பது விநாடி ஆகியும் விரலில் ஒட்டியது.

அலமாரியில் உப்பு கட்டிபட்டுக் கிடக்கிறது, அப்பளம் நமுத்துப் போயிருக்கிறது. தாளும் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து நார் ஊதித்தான் கிடக்கும். அதில் மை படர்ந்தால் மையைச் சொல்லிக் குற்றமில்லை.

ஜூலை 3, வியாழன்.

‘பழைய நிறம்’ என்று அவள் சொன்னதைப் பற்றி எழுத வேண்டும்.

1984-இல் நான் பம்பாயின் கோட்டைப் பகுதியில் ஓர் ஆடிட் ஆபீஸில் சேர்ந்தபோது சீனியர் முதல் நாளே ஊதா மைப்புட்டி ஒன்றை மேஜையில் வைத்தார். கணக்குப்பிள்ளைகள் நீலத்தில் எழுதுவார்கள், அரசாங்கத்தின் கெஜட்டட் அதிகாரிகள் பச்சையில் கையெழுத்துப் போடுவார்கள், நாம் பார்த்த கணக்குக்கு நம்முடைய நிறத்தில்தான் டிக் விழ வேண்டும் என்றார். பின்னால் யாராவது ஓர் எண்ணைத் திருத்தினால், அதற்குப் பக்கத்தில் நம் டிக்கைப் போலவே போட்டுவைக்க அவர்களிடம் அந்த மை இருக்காது. ரொக்கம் சரிபார்த்ததற்கு ஒரு மாதிரி டிக், கூட்டல் சரிபார்த்ததற்கு இன்னொரு மாதிரி. எது எதற்கு என்று கட்சிக்காரரிடம் வாய் திறக்கக் கூடாது. சில வருடங்களில் நிறத்தையும் மாற்றிவிடுவோம்.

அதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. வவுச்சர், அதாவது செலவுக்கு அத்தாட்சியான சீட்டு, கையில் வராமல் டிக் போடக் கூடாது. மதியம் மூன்று மணித் தூக்கத்தில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போன ஒரு பையனை சீனியர் எழுப்பி, அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி பார்க்க வைத்தார். அந்தப் பையன் நான்தான்.

அப்போது பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லா இடத்திலும் கேமல் மைதான். 1931-இல் இதே பம்பாயில் தாண்டேகர் குதிரை மார்க் மைத்தூளோடு ஆரம்பித்த தொழில்தான் பின்னால் கேம்லின் ஆனது. இன்றைக்கு ஆடிட் டிக் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில். அதற்கு நிறம் உண்டு, வாசனை கிடையாது.

ஜூலை 5, சனி.

நிறத்துக்குப் பெயர் வைப்பதில் வீட்டில் தகராறு. மனைவி கத்தரிப்பூ நிறம் என்கிறாள். எதிர் வீட்டு மராத்திக்காரர் எட்டிப் பார்த்து ‘ஜாம்பளா’ என்றார். அவர்களுக்கு ஜாம்பூள் என்றால் நாவல்பழம், அதிலிருந்து வந்த நிறப்பெயர். ஹிந்தியிலோ ‘பைங்கனி’, அதாவது கத்தரிக்காய். ஒரே செடியைப் பார்த்துவிட்டு வடக்கே காயிடம் போயிருக்கிறார்கள், நாம் பூவிடம் போயிருக்கிறோம். பூ வெளிறியது, காய் இருண்டது. இரண்டும் ஒரே நிறம் ஆகுமா? வெறும் ‘ஊதா’ என்றும் எழுத முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப்பேர் நீலத்தையே ஊதா என்றுதான் சொல்வார்கள்.

சரி, மையிடமே கேட்போம் என்று ஒற்றுத்தாளில் ஒரு பட்டை வெட்டி, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு பொட்டு வைத்து, நுனியை டம்ளர் தண்ணீரில் நனைத்தேன். தண்ணீர் ஊறி ஏறியது. பொட்டைத் தொட்டதும் அதையும் இழுத்துக்கொண்டு போனது. பத்து நிமிடத்தில் உச்சியில் பளீரென்று பன்னீர் ரோஜா, நடுவே காயின் இருட்டு, அடியில் ஆகாய நீலம். ரோஜாவும் நீலமும் கலக்கும் இடத்தில் மெல்லிய ஒரு விளிம்பு மட்டும் அசல் கத்தரிப்பூ. மனைவியிடம் காட்டினேன். அந்த விளிம்பை விரலால் தொட்டுக் காட்டி, தான் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்த நிறம் மனிதனுக்குச் சுலபத்தில் கிடைத்ததும் ஒரு தப்புக் கணக்கினால்தான். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்கான க்வினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றான். கிடைத்தது கறுப்புக் குழம்பு. குடுவையை ஆல்கஹாலால் கழுவியபோது ஊதா இறங்கியது. அதைக் கொட்டிவிடாமல் பட்டுத் துணியில் தோய்த்துப் பார்த்தானே, அங்கேதான் அவன் கெட்டிக்காரன்.

ஜூலை 6, ஞாயிறு.

ஆஷாடி ஏகாதசி. வடாலா விட்டல் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் தெரு நகரவில்லை. பேனாவைத் தொடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்.

எழுத வெட்கமாக இருக்கிறது. பழைய நண்பரைப் பார்க்கக் கோட்டைக்குப் போனேன். மாட்டுங்காவில் மெதுவண்டி ஏறி சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் வரைக்கும் நின்றுகொண்டே பயணம். பேனா சட்டைப் பையில். வெள்ளைச் சட்டை. பைகுல்லா தாண்டியதும் எதிரே நின்றிருந்த பையன் என் நெஞ்சையே பார்த்தான். குனிந்தால், பையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா. “அங்கிள், அடிபட்டுவிட்டதா?” என்று ஹிந்தியில் கேட்டான். ரத்தம் அந்த நிறத்தில் இருந்தால் நான் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

இதற்கும் மையைக் குறை சொல்ல முடியாது. ஃபில்லரால் நிரப்பும் பேனாவில் மை பாதிக்குக் கீழே இறங்கினால் மீதி இடம் காற்று. உடம்புச் சூட்டில் காற்று விரியும், விரிந்த காற்று மையை நிப்புக்கு அடியிலுள்ள நாக்கு வழியாக வெளியே தள்ளும். நிரம்பிய பேனா அவ்வளவு கக்காது. எட்டாம் வகுப்பிலேயே தெரிந்த சங்கதி. வெளியே கிளம்பும்முன் மேலே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதை இத்தனை வயதில் மறந்தேன்.

சட்டையைச் சோப்பில் ஊறவைத்துக் கசக்கியதில் ரோஜா போய்விட்டது, நீலம் போகவில்லை. சனிக்கிழமை டம்ளரில் நடந்ததுதான் வாளியிலும். “குழந்தைக்குக் கட்டுவது போல உங்கள் பேனாவுக்கும் ஒரு துணி கட்டித்தான் வெளியே அனுப்ப வேண்டும்” என்றாள் மனைவி. பேத்தி என் நெஞ்சில் இருந்த கறையைப் பார்த்துச் சிரித்தபோது, சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்கு அம்மா தடவிவிடும் ஜென்ஷன் வயலட் ஞாபகம் வந்தது. நாக்கு ஊதாவாகிப் பள்ளிக்குப் போன அவமானமும்.

ஜூலை 9, புதன்.

வங்கியில் ஒரு காசோலை. பெயர் வேண்டாம். ஊதாவில் எழுதியிருந்ததைப் பார்த்து, நீலம் அல்லது கறுப்பு மட்டும்தான் என்று கவுண்டரில் திருப்பித் தந்தார்கள். ரிசர்வ் வங்கி எந்த நிறத்தையும் விதிக்கவில்லை, ஸ்கேன் செய்த படத்தில் தெளிவாகத் தெரியும் மையால் எழுதச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். பின்னால் வரிசை முனகியது. நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பால்பாயின்ட் பேனாவால் வேறு காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த நூலும் கையெழுத்துக்கு அரை அங்குலம் குறைவு.

ஜூலை 13, ஞாயிறு.

எழுதிய பட்டையை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பாதியை அட்டையால் மறைத்து வைத்திருந்தேன், வெயிலில் வெளுக்கிறதா என்று பார்க்க. நான்கு நாளாக வெயில் என்ற பேச்சே இல்லை. சோதனையை ஐப்பசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்.

மெல்லிய நிப்பு போட்ட பழைய பேனா ஒன்றைக் கழுவி எடுத்து இதே மையை ஊற்றினேன். மை குறைவாக இறங்கும் பேனா. அதனாலேயே கோபித்து ஒதுக்கிவைத்திருந்தேன். பேரேட்டுத் தாளில் இருபது விநாடியில் உலர்கிறது. ஏ4 தாளில்கூட வேர் பாதியாகக் குறைந்தது. கோடு மெல்லியதானதும் சிவப்பு மேலே வந்து, நிறம் நாவல்பழம் தின்ற நாக்கைப் போல ஆகிவிட்டது. மராத்திக்காரர் கட்சிக்கும் ஒரு வெற்றி. ரங்கா பேனாவுக்கு ஜனவரியில் இந்த மையைக் கொடுப்பேன். அதுவரை நீலம்.

ஜூலை 17, வியாழன்.

ஆடி முதல் தேதி. காலையில் மனைவி பூக்காரரிடம் கணக்குத் தீர்த்துவிட்டு வந்து வீட்டுக் கணக்கு நோட்டை என் முன்னால் போட்டாள். ஊதாவை எங்கேதான் உபயோகிக்கப் போகிறீர்கள், இதையாவது பாருங்கள் என்று. பழைய பேரேட்டுத் தாளில் நானே தைத்துக் கொடுத்த நோட்டு அது.

முறையாகவே பார்த்தேன். பால் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன், டிக். மின்சார பில், டிக். கீரைக்கு வவுச்சர் கிடையாது. சாட்சி சொன்னதன் பேரில் ஒரு சின்னக் குறி மட்டும். ஒரு கூட்டலில் பத்து ரூபாய் உதைத்தது. சுட்டிக்காட்டியதில் அரை நிமிடம் மௌனம்.

8-ஆம் தேதிப் பக்கத்தில், ‘புதுச் சட்டை, மை வகையில்: 1,450’.

வவுச்சர் எங்கே என்று கேட்டேன். அவள் பேசாமல் போய், சமையல் மேடை துடைக்கும் துணியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

டிக் போட்டேன். இருபது விநாடி காத்திருந்து நோட்டை மூடினேன்.