சர்வீஸ் கவுன்டரில் போன அஷ்டமி

சமூக மன்றக் கண்காட்சிக்காக, ஒரே வகைப் பவளத்தைக் கடலில் எடுத்த படம் ஒன்று, வீட்டுத் தொட்டியில் எடுத்தது ஒன்று என ஜோடியாகத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நான் தேர்ந்தெடுத்தது கோனியோபோரா. தொட்டி வைத்திருப்பவர்கள் 'ஃபிளவர்பாட்' என்பார்களே, அதுதான். படங்கள் இப்போது சுவரில் ஏறிவிட்டன. ஆனாலும் அந்த சர்வீஸ் கவுன்டரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் முக்குளிப்பவர்களுக்கு நாள் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும், அடிச்சேறு கிளம்பிவிடும். பாறைத்திட்டில் நடந்து பார்க்கிறவர்களுக்கு அந்த நாள்களின் வற்றுநீர் தேவை. தண்ணீருக்குள் படம் எடுக்கிறவர்களுக்கு அஷ்டமியை ஒட்டிய நாள்கள்தான் தோது. அப்படி ஒரு நாளுக்குப் படகில் இடம் பிடித்து, பணமும் கட்டிவிட்டு, கேமராவின் ஹவுசிங்கை, அதாவது தண்ணீர் புகாத உறையை, ஓ-ரிங் (இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றக் கொடுத்திருந்தேன்.

திருப்பித் தரும்போது, "எல்லாம் ஓகே, பிரஷர் டெஸ்ட் செஞ்சாச்சு" என்றார் கவுன்டரில் இருந்தவர். டெஸ்ட் சீட்டு கேட்டேன். அதெல்லாம் கொடுப்பதில்லை என்றார். மனம் ஒப்பவில்லை. படகு ஏறுவதற்கு முந்தின இரவு, கேமராவை எடுத்துவிட்டு, காலி ஹவுசிங்குக்குள் டிஷ்யூ தாளை மடித்து வைத்துக் குளியலறை வாளியில் அழுத்தி வைத்தேன். தாழ்ப்பாள் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி. திறந்து பார்த்தால் டிஷ்யூவின் ஒரு மூலை நனைந்திருந்தது. கேமராவோடு இறக்கியிருந்தால் அன்றோடு அது முடிந்திருக்கும்.

படகுக் கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை. கவுன்டருக்குப் போனால், "நீங்க மூடும்போது முடி சிக்கியிருக்கும் சார், அது வாரண்டியில வராது" என்று ஒரே பதில். நான் நகரவில்லை. மூத்த டெக்னீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து, ரிங்கை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டி, உருப்பெருக்கியில் பார்த்தார். கூர்மையான கருவியால் நெம்பிப் போட்டதில் விழுந்த சிறு வெட்டு ஒன்று அதில் இருந்தது. என் கண்முன்னால் புது ரிங் போட்டு, சிலிகோன் கிரீஸ் தடவி, டெஸ்ட் செய்து, சீட்டும் எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த அஷ்டமிக்கு இரண்டு வாரம் காத்திருந்து கிளம்பினேன். முக்குளித்த கதை சுருக்கம்தான்: நல்ல நாளிலேயே இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத நீர் நம்முடையது. தூரத்திலிருந்து ஃபிளாஷ் அடித்தால் மிதக்கும் துகள் எல்லாம் கோலமாவு தூவியதுபோல் படத்தில் வெள்ளை வெள்ளையாக விழும். ஃபிளாஷ்களை இரு பக்கமும் நன்றாக விலக்கி, பவளத்துக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் போய்தான் எடுக்க வேண்டும். ஹவுசிங்கை வீட்டிலேயே ஏசி அறையில் சிலிக்கா ஜெல் போட்டு மூடிவிடுங்கள். படகின் ஈரக்காற்றில் திறந்தால் கண்ணாடியில் பனி படர்ந்துவிடும்.

தொட்டிப் படம் சுலபம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டில் அருமையாகத் தொட்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தாராளமாக அனுமதி கொடுத்தார். ஆனால் விளக்கு முழுக்க நீலம். அந்த நீல ஒளியை உறிஞ்சி, பவளத்தின் ஒளிரும் புரதங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக வெளிவிடுகின்றன. நம் கண்ணுக்கு அற்புதம். கேமராவிலோ நீலம் அளவுக்கு மீறிப் பதிவாகி மற்ற நிறங்கள் அதில் மூழ்கிவிடும். ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் பல கேமராக்களில் 10,000 கெல்வினோடு நின்றுவிடும், அது போதாது. அச்சுக்கடையில் சோதனைக்குப் போட்ட முதல் தாளில் பவளம் ஊதா நிறச் சேறாக வந்தது.

"லைட்ட மாத்தினா சுருங்கிடும்யா தம்பி" என்று அண்ணன் தயங்கினார். அவர் பயம் நியாயமானதுதான். அதனால் ஒரேயடியாக மாற்றாமல், வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். பவளம் விரிந்தபடியே இருந்தது. லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டர், ஃபைல் ராவில் (பிறகு நிறம் திருத்த வசதியான வடிவம்), அறை விளக்கு அணைப்பு, லென்ஸ் தொட்டிக் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக. சாய்த்துப் பிடித்தால் விளிம்புகள் மசமசத்துவிடும். அலை பம்ப்பைச் சில நிமிடம் மட்டும் நிறுத்தினோம், எடுத்து முடித்ததும் மறுபடி போட மறக்கக்கூடாது. படத்தில் கிடைமட்டமாகப் பட்டை பட்டையாக வந்தால், விளக்கைப் பழிக்கும் முன் ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பட்ட பாடு மறந்தது. பவளம் என்பது பாலிப் எனும் சிற்றுயிர்களின் கூட்டம். தண்டு நீட்டிய ஒவ்வொரு பாலிப்பின் வாயைச் சுற்றியும் 24 உணர்கொம்புகள். ஹந்துவின் கலங்கல் நீரிலும் அதே 24, ஈசூன் தொட்டியிலும் அதே 24. 12 இருந்தால் அது அல்வியோபோரா, கோனியோபோரா இல்லை. தொட்டியில் அடையாளம் குழம்புகிறவர்கள் எண்ணிப் பாருங்கள்.

படத்தைப் பார்த்த ஒரு பையன், கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்து வளர்க்கலாமா என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். 250க்கும் மேற்பட்ட வன்பவள இனங்கள் இந்தச் சின்னக் கடலில் தாக்குப்பிடித்து நிற்கின்றன. 1998, 2010, 2016, 2024 என கடல் சூடாகிப் பவளம் வெளுத்துப்போகும் பெரிய வெளிறல்கள் நான்கைப் பார்த்தவை அவை. தொட்டிக்கு வேண்டுமென்றால், வளர்ப்பில் துண்டு போட்டுப் பெருக்கியதைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஹவுசிங் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே டெஸ்ட் சீட்டு தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். தரமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். தந்தாலும், வீட்டு வாளியில் ஒரு தடவை டிஷ்யூவோடு அழுத்திப் பார்த்துவிட்டே படகுக்குப் பணம் கட்டுங்கள்.