மணிக்கணக்கு

கணக்கு எழுதுவதுதான் எனக்கு வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். மாதம் 7 வந்தால் டிடிஎஸ், 11 வந்தால் ஜிஎஸ்டிஆர் 1, 20 வந்தால் 3பி. எல்லாமே வரி கட்ட, வரிக்கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள்கள். என் கல்யாணத்துக்கே இந்தத் தேதிகளில் இடிக்காமல்தான் முகூர்த்தம் பார்த்தோம். நாய்க்குட்டிக்கு மட்டும் சலுகை தர முடியுமா?

கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை. அதன் பெஞ்சுக்கு அடியில் ஒரு செவலை நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. இரவு பகலாக லாரி போகிற ரோடு அது. ஐந்தாவது வாரம் எட்டிப் பார்த்தபோது இரண்டுதான் மிச்சம். மற்றவை எங்கே என்று நான் கேட்கவில்லை, டீக்கடை அண்ணனும் சொல்லவில்லை. மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை லேத் பட்டறைப் பையன் கேட்டு வைத்திருந்தான். இன்னொன்று பெட்டை. நெற்றியில் விபூதிக் கீற்று மாதிரி ஒரு வெள்ளை. அன்றைக்கு அது என் செருப்பு வாரைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

வீட்டில் சொன்னதும் இவர் ஒரே கேள்விதான் கேட்டார். “ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பகல் முழுக்க அது யாரோட இருக்கும்?”

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவகாசம் இருந்தது. இரண்டு மாதம் முடிகிறவரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கூடப்பிறந்ததைக் கடித்து, பதிலுக்குக் கடி வாங்கித்தான் கற்றுக்கொள்ளும். ஆக எனக்கு மூன்று வாரம் கிடைத்தது.

முதல் வாரத்தில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். சாமான் வாங்கினேன். 1,100 ரூபாய்க்கு மெத்தை, கழுத்துப்பட்டி, கீச்சென்று கத்துகிற ரப்பர் கோழி. மெத்தையில் அது இன்றுவரை படுத்ததில்லை. உருப்படியான ஒரே ஏற்பாட்டுக்குச் செலவே ஆகவில்லை. பழைய நூல்புடவை ஒன்றை நான்காக மடித்து டீக்கடை அண்ணனிடம் கொடுத்து, தாய் படுக்கிற இடத்தில் ஒரு வாரம் போட்டு வைக்கச் சொன்னேன். குட்டியோடு தாயின் வாசமும் வீட்டுக்கு வந்துவிடும். “புடவை நல்லா இருக்கேம்மா” என்று அண்ணன்தான் கொஞ்சம் தயங்கினார்.

சாமான் வாங்கி முடித்த பிறகுதான் உட்கார்ந்து நேரத்தை எழுதினேன். இவருக்கு ஒரகடம் பக்கம் ஃபேக்டரி வேலை, வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். ஏ ஷிஃப்ட் என்றால் விடியற்காலை 4.50க்குக் கம்பெனி பஸ், வீடு திரும்ப மாலை 4.30. பி ஷிஃப்ட் என்றால் பகல் 1.20க்குக் கிளம்பி நள்ளிரவு தாண்டி வருவார். சி ஷிஃப்ட் வாரம் பகலில் வீட்டில்தான் இருப்பார், ஆனால் தூங்குவார். நான் காலை 8.50க்குக் கிளம்பினால் மாலை 6.30.

குட்டி எவ்வளவு நேரம் அடக்கிக்கொள்ளும் என்பதற்கு ஒரு மோட்டாக் கணக்கு இருக்கிறது. எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி, அதுவே அதிகபட்சம். ஏ ஷிஃப்ட் வாரத்தில் எங்கள் வீடு பூட்டிக் கிடப்பது ஏழு மணி நாற்பது நிமிடம். பி ஷிஃப்ட்டில் ஐந்து மணி பத்து நிமிடம். டேலி ஆகவில்லை என்று எழுதி நோட்டை மூடினேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய், சாப்பாட்டு இடைவேளையை 1 மணியிலிருந்து 1.30க்கு மாற்றித் தரக் கேட்டேன். கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். போக வர அரை மணி போக, வீட்டில் நிற்க இன்னொரு பதினைந்து நிமிடம் கிடைக்கும். “யாருக்கு என்னம்மா உடம்புக்கு?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “3பி நாள்ல மட்டும் போகாதீங்க” என்றார்.

மீதி ஓட்டைக்குக் கீழ்வீட்டு அக்கா. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவர். ஏ ஷிஃப்ட் வாரம் காலை 11.30க்கு ஒரு தடவை, பி ஷிஃப்ட் வாரம் மாலை 4 மணிக்கு ஒரு தடவை மேலே வந்து, வெளியே விட்டு, தண்ணீர் வைத்துவிட்டுப் போனால் போதும். “இதுக்கெல்லாம் காசா?” என்றார். காசுதான் அக்கா என்று மாதம் 1,000 ரூபாய் பேசி முடித்தேன். சும்மா செய்கிற உதவி இரண்டு வாரம்தான் வரும். அது அவர் குற்றமில்லை, மனித சுபாவம்.

இத்தனையும் சேர்த்தால் எந்த வாரத்திலும் குட்டி தனியாக இருப்பது மூன்று மணிக்குள் அடங்கியது. அப்புறம் என் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. லீவு போடுகிற வாரத்தை வேண்டுமென்றே இவருடைய ஏ ஷிஃப்ட் வாரமாகப் பார்த்தேன். அடுத்தது பி, அதற்கடுத்தது சி. மறுபடி ஏ வரும்போது குட்டிக்குப் பதினொரு வாரம் ஆகியிருக்கும், இன்னும் கொஞ்சம் தாங்கும். அந்த மாதம் 20ஆம் தேதி சனிக்கிழமை. 3பி போட்டுவிட்டு, சேர்த்து வைத்த லீவில் (ஈஎல்) ஆறு நாள், இரண்டு பக்கமும் ஞாயிறு, ஆக எட்டு நாள்.

நடுவில் ஒரு மாலை டாக்டரைப் பார்க்கப் போனோம். “நாய் எங்கே?” என்றார். இன்னும் வரவில்லை என்றோம். அவர் சிரித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, “இதுக்கு முன்னாடி அந்த வீட்ல நாய் இருந்துச்சா?” வாடகை வீடு, எங்களுக்குத் தெரியாது. அங்கிருந்தே ஹவுஸ் ஓனருக்கு ஃபோன் போட்டேன். “உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க ஒண்ணு வச்சிருந்தாங்க. போன வருஷம் வாந்தி பேதி வந்து செத்துப்போச்சு, பாவம்” என்றார்.

டாக்டர் முகம் மாறியது. பார்வோவாக இருக்கலாம் என்றார். நாய்க்குட்டிகளைக் கொல்கிற வைரஸ். செத்த நாயோடு அது போய்விடாது. தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சமயத்தில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். வெறும் ஃபினாயிலை நம்பாதீர்கள், பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள் என்றார். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டோடு கலந்துவிடக் கூடாது, விஷவாயு வரும் என்பதையும் இரண்டு தடவை சொன்னார். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக நாலு மாதம் ஆகும்வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. ஊசிகள் முடிகிறவரை தெருவில் இறக்கவே கூடாது, மற்ற நாய்கள் நடமாடாத மொட்டைமாடிதான் அதற்கு உலகம். அதற்காகப் பொத்தி வைக்கவும் கூடாது. இந்த வயதில் பார்க்காத ஆளையும் கேட்காத சத்தத்தையும் கண்டுதான் பின்னால் பயப்படும். தூக்கி வைத்துக்கொண்டு தெருவை, ஆட்டோவை, குக்கர் விசிலைக் காட்டுங்கள் என்றார். ரேபிஸ் ஊசிச் சான்று கையில் கிடைத்ததும் மாநகராட்சி உரிமம். அதற்கு 50 ரூபாய். சென்னையில் இப்போது மைக்ரோசிப்பும் கட்டாயம்.

கிளம்பும்போது, “கீறினாலும் பல்லு பட்டாலும் சின்னக் குட்டிதானேன்னு விட்டுடாதீங்க. ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். 1,100 ரூபாய் மெத்தை விற்ற கடைக்காரர் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஞாயிறு வீடு முழுக்க பிளீச்சிங் பவுடர். கண் எரிந்தது. தரை காய்ந்ததும் இவர் திடீரென்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் இறங்கிவிட்டார். குட்டியின் கண் உயரத்திலிருந்து பார்த்தால்தான் என்ன ஆபத்து என்று தெரியுமாம். ஃபேக்டரியில் மாதம் ஒரு சேஃப்டி ஆடிட் செய்கிறவர், பழக்கம் போகுமா? கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதினேன். டிவிக்குப் பின்னால் தொங்கும் வயர், மூன்று. ஃப்ரிட்ஜுக்கு அடியில் கரப்பான் சாக்பீஸ் கோடு. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் குட்டி மாட்டிக்கொள்ளும் சந்து. பால்கனிக் கம்பிக்குள் இவர் மடக்கிய கைமுட்டியை விட்டுப் பார்த்தார். முட்டி போகவில்லை, குட்டியின் தலை போகும். மறுநாளே புறா வலை கட்டினோம். அந்தப் பட்டியலில் கடைசியாக, தங்கக் கம்மலின் திருகாணி ஒன்று. மூன்று வருடத்துக்கு முன்னால் தொலைந்து, வேலைக்கு வந்த அம்மாவை நான் மனசுக்குள் சந்தேகப்பட்டது அது. இதை எழுதவே வெட்கமாகத்தான் இருக்கிறது.

மொட்டைமாடியில் வேறு சிக்கல். ஓனர் வீட்டம்மா பூஜைக்கு என்று அரளி வைத்திருக்கிறார், இரண்டு தொட்டி. அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். படிக்கட்டுக்கு அடியில் எலி மருந்துக் கட்டி வேறு. கட்டியை எடுக்க உடனே சம்மதித்தார். அரளிக்கு மட்டும், “சாமிக்குள்ளது” என்று இழுத்தார். கடைசியில் தண்ணீர்த் தொட்டி மேடைக்கு இரண்டையும் ஏற்றினோம். இப்போது பூப்பறிக்க அவர் ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது. நாய் வளர்க்க ஓனரின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். குலைக்கக் கூடாது.

பெயர் விஷயத்தில் ஆபீஸே இரண்டுபட்டது. டிஸ்பாட்ச் ஆட்கள் ஒன்று சொன்னார்கள், ஸ்டோர்ஸ் ஒன்று. நான் முடிவு செய்யாமலே வைத்திருந்தேன். இதற்கிடையில் கட்டம் போட்டு ஒரு அட்டவணை தயாரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மேலே ‘மணி’, ‘யார்’, ‘என்ன நடந்தது’ என்று மூன்று தலைப்பு. கீழ்வீட்டு அக்காவின் பையன் மூன்றாவது படிக்கிறான். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஆன்ட்டி, நாய் பேரு மணியா?” என்றான். ஊரில் பத்து நாய்க்கு ஒன்று மணிதான், வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அவன் போய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். பெட்டைக்கு மணியா என்று இவர் கேட்டார். மணிமேகலை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

21ஆம் தேதி காலை மணி வந்தது. புடவையில் சுருண்டு, அரை நாள் தூங்கியது. குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்கும் என்று படித்தது நிஜம்தான். ஆனால் மீதி ஆறு மணி நேரத்தில் பாதியை இரவு 1லிருந்து 4க்குள் வைத்துக்கொள்ளும் என்று யாரும் எழுதவில்லை. பால் ஊற்றலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், குட்டித் தீனியை வெந்நீரில் ஊறவைத்து நாளைக்கு நாலு வேளை.

எட்டு நாளும் அதன் கூடவே இருக்கப் போகிறேன் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அதுதான் பெரிய தப்பாக இருந்திருக்கும். எட்டு நாள் ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டு ஒன்பதாம் நாள் காலை காணாமல் போனால் அது என்ன நினைக்கும்? அதனால் இரண்டாம் நாளிலிருந்தே காணாமல் போய்ப் பழகினேன். ஹேண்ட்பேக், சாவி, ஹெல்மெட் எல்லாம் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு மாடிப்படி வளைவில் உட்கார்ந்துகொள்வது. முதலில் இரண்டு நிமிடம், அப்புறம் ஐந்து, அப்புறம் பதினைந்து. உள்ளே முனகும், கதவைப் பிராண்டும், கொஞ்சம் கழித்து அடங்கும். அடங்கின பிறகுதான் கதவைத் திறப்பேன். அழும்போது திறந்தால், அழுதால் கதவு திறக்கும் என்றாகிவிடும். மூன்றாம் நாள் ஹெல்மெட்டோடு படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கீழ்வீட்டு அக்கா கிசுகிசுத்தார். “என்னம்மா, வீட்ல சண்டையா?”

சனிக்கிழமைக்குள் ஒரு மணி நேரம் தொட்டோம். அதற்கு மேல் படியில் உட்கார என் இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

29ஆம் தேதி திங்கள், முதல் வேலை நாள். பி ஷிஃப்ட் வாரம். இவர் 1.20க்குக் கிளம்பும்போது, “தூங்குது” என்று ஒரு மெசேஜ். பேங்க் ரீகன்சிலியேஷனில் ஒரே தொகையை இரண்டு தடவை கழித்தேன். 4 மணிக்குக் கை தானாக ஃபோனுக்குப் போனது. அக்காவுக்கு மிஷின் சத்தத்தில் ஃபோன் கேட்காது. 6.25க்கு வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

கதவுக்குப் பின்னால் மணி. ஒரு மிதியடி ஈரம், ரப்பர் கோழிக்குத் தலை இல்லை, மற்றபடி வீடு வீடாகவே இருந்தது. ஃப்ரிட்ஜில் அட்டவணையைப் பார்த்தேன். பொறை கொடுக்கவே கூடாது என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தையல் சாக்பீஸ் பிடித்த கை, எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.

“4.05. மாடியில ஒண்ணுக்குப் போச்சு. தண்ணி குடிச்சுச்சு. பொறை கேட்டுச்சு. குடுக்கல.”

கடைசி வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்திலேயே சின்னதாக, “பாதி.”