ஊதினால் பூக்கும்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அமெரிக்கக் கலைஞர் டேல் சிஹூலியின் கண்ணாடிப் பூக்களைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டல் கூரையில் 2,000க்கு மேல் மாட்டியிருக்கிறார், 1998இல். ஊதுகுழாய் முனையில் பாகு மாதிரி தொங்குகிறது உருகிய கண்ணாடி. உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். ஊதி, சூடு காட்டி, வேகமாகச் சுழற்றினால் விளிம்பு அலை அலையாக விரிகிறது. அப்புறம் சூளையில் மெதுவாக ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் விரிசல்தான். மனுஷனுக்கு 1976 விபத்தில் ஒரு கண் பார்வை போய்விட்டது. பிறகு தோளிலும் அடி. அதற்கப்புறம் ஊதுவதெல்லாம் அவருடைய ஆட்கள்தான்.

காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். ஒரு அக்கா தாமரை மொட்டை எடுத்து இதழ்களை ஒவ்வொன்றாக வெளியே மடித்துக்கொண்டிருந்தார். அந்த விளிம்பையே பார்த்தபடி நின்றுவிட்டேன்.

“என்ன தம்பி, பூ வாங்குறீகளா, வழிய விடுறீகளா?”

ரெண்டு மொட்டு வாங்கினேன்.