நிழலையும் சேர்த்துத்தான் வைக்கோணும்

நாற்சார் வீட்டு (நாலு பக்கமும் கட்டி நடுவில் திறந்த முற்றம் விட்ட வீடு) முற்றத்தில் நிறுவல் கலை, அதாவது பொருள்களை இடத்தோடு சேர்த்து அமைத்துக் காட்டுற கலை, வைக்கிற ஆக்கள் கவனியுங்கோ. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியான வெயில் நேர் உச்சியில். தொங்குகிற பனையோலையின் நிழல் காலடியிலேயே விழும், சுவருக்கு ஒன்றும் வராது. இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் வடக்குப் பக்கத்தால் வரும், மார்கழியில் தெற்கால்.

இருட்டறை என்றால் சின்ன எல்இடி ஒன்றே போதும். சுவரிலிருந்து 3 மீற்றரில் விளக்கு, விளக்கிலிருந்து 1 மீற்றரில் முள்ளுக்கம்பி: நிழல் மூன்று மடங்கு. ரியூப் லைற் என்றால் விளிம்பு கலங்கிப்போகும். இரண்டாவது விளக்கு முதல் நிழலையும் வெளிறப்பண்ணும்.

பார்க்கிற ஆள் விளக்குக்கும் கம்பிக்கும் நடுவில் போனால் எல்லாம் போச்சு. (கயிறு கட்டினாலும் செல்ஃபிக்காரர் போவினம்.) விளக்கை உயர்த்திச் சரித்து வையுங்கோ. பிறகு கதிரையில் இருந்தும் ஒருக்காப் பாருங்கோ, பல்ப் கண்ணில குத்துதோ என்று.