கெட்டிலும் கோப்புகளும்: பிரிட்டனின் தேநீரை ஆவணங்களில் படிப்பது

மான்செஸ்டரிலோ லீட்ஸிலோ புதிதாகக் குடியேறியவரை அக்கம்பக்கத்தார் "டீக்கு வாங்க" என்று கூப்பிட்டால் பசியோடு போக வேண்டும். வட இங்கிலாந்தில் பல வீடுகளில் டீ என்றால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு உட்காரும் இராச்சாப்பாடு. மதியச் சாப்பாட்டுக்கு அங்கே டின்னர் என்று பெயர். பள்ளியில் மதிய உணவு பரிமாறும் பெண்களை இன்றும் 'டின்னர் லேடி' என்றே அழைக்கிறார்கள். லண்டன் பக்கம் அதே அழைப்பு ஒரு கோப்பை தேநீரும் இரண்டு பிஸ்கட்டுமாக முடிந்துவிடலாம். எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுவது நல்லது: மூன்று, நான்கு என்றால் தேநீர், ஐந்துக்கு மேல் என்றால் சாப்பாடு. சில ஹோட்டல்கள் 'ஹை டீ' என்று விற்கும் மூன்றடுக்குத் தட்டின் சரியான பெயர் ஆஃப்டர்நூன் டீ. ஹை டீ என்பது வேலை முடிந்து வந்த தொழிலாளி குடும்பம் மேசையில் ரொட்டி, இறைச்சியோடு உண்ட மாலைச் சாப்பாடு.

வேலையிடத்தில் இன்னொரு முறை உண்டு. நாலு பேர் இருக்கும் அறையில் எழுந்துபோய்த் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வரக் கூடாது. எல்லோரிடமும் கேட்டு, யாருக்குப் பால் எவ்வளவு, சர்க்கரை எத்தனை என்று நினைவில் வைத்துப் போட்டு வர வேண்டும். அடுத்த முறை இன்னொருவர் எழுவார். தேநீர் குடிக்காதவர்கூட இடையிடையே ஒரு சுற்று போட்டுக் கொடுத்தால் அந்த அறையில் சீக்கிரம் ஒருவராகிவிடலாம்.

இவையெல்லாம் காலங்காலமாக வந்த வழக்கம் என்றுதான் இங்கேயே பிறந்தவர்களும் சொல்வார்கள். ஆனால் வரி, கடத்தல், தண்ணீர், போர், ரேஷன், இலங்கை மலைத் தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்புகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நேற்று வந்து இறங்கியவருக்கும் அந்த உரிமை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

முதலில் தண்ணீர், ஏனென்றால் தினமும் தடுக்கி விழும் இடம் அது. லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளைச் செதில் படியும். தேநீரின் மேல் எண்ணெய் போல ஓர் ஏடு மிதக்கும். பால் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பாலை மாற்றிப் பயனில்லை. தண்ணீரில் உள்ள கால்சியம், தேயிலைச் சாறு, காற்று மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் ஏடு அது. வடிகட்டும் ஜாடித் தண்ணீரைப் பயன்படுத்தினால் குறையும். பால் சேர்க்காத டீயில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் போய்விடும். கெட்டிலுக்கு மாதம் ஒரு முறை பாதியளவு தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் விட்டு, இரண்டு தடவை அலசிவிட வேண்டும். கிளாஸ்கோவிலும் மான்செஸ்டரிலும் இந்தத் தொல்லை இல்லை. கிளாஸ்கோவுக்கு 1859 முதல் கேட்ரின் ஏரித் தண்ணீர், மான்செஸ்டருக்கு 1894 முதல் தேர்ல்மியர் ஏரித் தண்ணீர், இரண்டும் மென்னீர். ஒரே இலை ஊருக்கு ஊர் வேறு நிறம், வேறு சுவை தரும் என்பதை வியாபாரிகள் அன்றே கண்டுகொண்டார்கள். கிளாஸ்கோவில் 1871இல் முதல் கடை திறந்த லிப்டன், உங்கள் ஊர்த் தண்ணீருக்கேற்ற கலவை என்று விளம்பரம் செய்தே விற்றார். அவருடைய சேகரிப்பு கிளாஸ்கோ மிட்செல் நூலகத்தில் இருக்கிறது. கடுநீருக்கென்று தனிக் கலவைப் பெட்டி இன்றும் கடையில் கிடைக்கிறது. லண்டன்காரர் அதை வாங்குவது புத்தி.

பைத் தேயிலையில் நம்மவர் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, கப்பில் பையையும் பாலையும் முதலில் போட்டுவிட்டு வெந்நீர் ஊற்றுவது. 30 மில்லி குளிர்ந்த பாலோடு 220 மில்லி கொதிநீர் சேர்ந்தால் சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். சாயம் முழுதாக இறங்காது. கொதித்த நீரை முதலில் ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் பொறுத்து, பையை எடுத்துவிட்டுப் பால் விட வேண்டும். இரண்டாவது, அதே பையை நம்மூர் முறையில் பாலோடு அடுப்பில் கொதிக்கவைப்பது. பைக்குள் இருப்பது தூளுக்கு நெருங்கிய சின்ன இலை. கொதித்தால் கசக்கும், பையும் கிழியும். தேத்தண்ணியைக் காய்ச்சித்தான் குடிப்போம் என்பவர்கள் தமிழ்க் கடையில் தூள் வாங்கி, 150 மில்லி தண்ணீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி போட்டு, இரண்டு நிமிடம் கொதித்த பிறகு 100 மில்லி பால் சேர்ப்பது நல்லது. தேயிலையைச் சுவைத்து ஒப்பிடுவதற்கென்று பிரிட்டிஷ் தரநிலை ஒன்றே உண்டு. 1980இல் வந்த அது 100 மில்லிக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம் என்கிறது. வீட்டில் குடிக்க அது கடுப்பு. பால் பிறகு சேர்ப்பதானால் சாயம் 65 முதல் 80 டிகிரிக்குள் இருக்கும்போது சேர்க்கச் சொல்வது மட்டும் வீட்டுக்கும் பொருந்தும்.

இனி காப்பகம். தொடக்கக் காலத் தேயிலையைத் தேட பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் பதிவேடுகளுக்குப் போக வேண்டும். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் கட்டடத்தில், ஆசிய ஆப்பிரிக்க ஆய்வு வாசிப்பறையில் அவற்றைப் பார்க்கலாம். பி (B) வரிசை கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்புகள். ஈ வரிசை கடிதப் போக்குவரத்து. ஜி/12 சீனா, ஜப்பான் பண்டகசாலைகள். 1660களில் கம்பெனி அரசருக்குக் கொடுக்க இரண்டு ராத்தலும் (பவுண்டு எடை) சொச்சமும் வாங்கியது. அடுத்து ஜாவாவின் பாண்டம் பண்டகசாலையிடம் நூறு ராத்தல் கேட்டு எழுதியது. அன்றைக்கு அது சரக்கே இல்லை, பரிசுப் பொருள். நூறே வருடத்தில் கம்பெனியின் உயிர்நாடி ஆகிவிட்டது.

தேடும்போது பெயர் எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும்: 'டே', 'டீ', 'தேயா', 'ட்சா' என்று எழுத்தருக்கு எழுத்தர் வேறு. இன்றைய எழுத்தில் மட்டும் தேடினால் 17ஆம் நூற்றாண்டு அகப்படாது. தேதியிலும் ஒரு பொறி உண்டு. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் 1667 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1668. இது தெரியாமல் குறிப்பெடுத்தால் பதில் கடிதம் கேள்விக் கடிதத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

வரிதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. 1660ஆம் வருடச் சட்டம் காய்ச்சிய தேநீருக்கு ஒரு கேலனுக்கு எட்டுப் பென்ஸ் விதித்தது. அதிகாரி வந்து அளந்து போகும்வரை விற்க முடியாது. ஆகவே கடைக்காரர்கள் மொத்தமாகக் காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றிவைத்து, கேட்டவருக்குச் சூடுபண்ணிக் கொடுத்தார்கள். 1689இல் வரி உலர்ந்த இலைக்கு மாறிய பிறகே கேட்ட நேரத்தில் புதிதாகப் போட்டுக் கொடுப்பது எளிதானது. அடுத்த நூறு வருடம் வரி ஏறிக்கொண்டே போய் 1780களில் 119 சதவீதத்தைத் தொட்டது. அந்த விலையில் யார் வாங்குவார்? கடற்கரை முழுக்கக் கடத்தல். 1747 அக்டோபரில் ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் ஆயுதங்களோடு பூல் துறைமுகச் சுங்கச் சாவடியின் கதவை உடைத்து, பறிமுதல் செய்யப்பட்ட தங்கள் தேயிலையைத் திரும்ப எடுத்துப்போனது. 1784இல் பிரதமர் பிட்டின் அரசு வரியை 12.5 சதவீதமாக வெட்டி, நட்டத்தை ஈடுகட்ட ஜன்னல் வரியை ஏற்றியது. சட்டப்படியான இறக்குமதி உடனே இரட்டிப்புக்கு மேல் போனது. தேநீர் ஏழைவீட்டுக்குள் உறுதியாக நுழைந்தது அந்தச் சட்டத்தோடுதான் என்பது என் தீர்மானம். அதற்கு முந்தைய எண்களைச் சரிபார்க்க விரும்பினால், லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில் கஸ்ட் 3 (CUST 3) என்ற வரிசை 1696 முதல் 1780 வரை ஏற்றுமதி இறக்குமதிப் பேரேடுகள். அவை கடத்தலைக் காட்டாது என்பதை மறக்கக் கூடாது. பேரேட்டில் குறைவு என்றால் குடித்தது குறைவு என்று பொருளல்ல.

வரியின் இன்னொரு பிள்ளை கலப்படம். 1785இல் ரிச்சர்ட் ட்வைனிங் எழுதியதில், மரத்து இலையைப் பறித்து வெயிலில் உலர்த்தி, வறுத்து, தரையில் போட்டு மிதித்து, அன்னபேதியிலும் ஆட்டுப் புழுக்கையிலும் ஊறவைத்துத் தேயிலை என்று விற்ற விவரம் படிப்படியாக இருக்கிறது. அந்தக் குடும்பம் 1706இல் தொடங்கிய கடை லண்டன் ஸ்ட்ராண்டில் 216ஆம் எண்ணில் இன்றும் திறந்திருக்கிறது. பழைய பொருள்கள் சிலவற்றையும் அங்கே பார்க்கலாம்.

எளிய வீடுகளின் தேநீரைப் பார்க்க நான் முதலில் கைகாட்டுவது ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்குப் பதிவுகளை. 1674 முதல் 1913 வரை உள்ளவை இணையத்தில் இலவசம். வெள்ளித் தேக்கரண்டி, தேயிலைப் பெட்டி, அரை ராத்தல் பொஹீ, கால் ராத்தல் ஹைசன் என்று திருட்டுப் பட்டியல் நீளும். பொஹீ மலிவான கறுப்பு, ஹைசன் விலையுயர்ந்த பச்சை. அன்று இரண்டையும் குடித்தார்கள். பெட்டிக்குப் பூட்டு இருந்தது, சாவி எஜமானியின் இடுப்பில். அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் வந்த பெயர் 'கேடி'. ஏறக்குறைய 600 கிராம் கொண்ட மலாய் எடையின் பெயர் திரிந்தது. ஆனால் வழக்கில் எழுதிய விலையைக் கடைவிலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ திருடினால் அன்று தூக்கு. ஆளைக் காப்பாற்ற ஜூரிகள் வேண்டுமென்றே 39 ஷில்லிங் என்று குறைத்தார்கள். அந்த எண்ணைக் கண்டால் விலையல்ல, இரக்கம் என்று படிக்க வேண்டும்.

சர்க்கரையும் சேர்ந்தே வருகிறது. கரிபியன் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை 1791 முதல் பல குடும்பங்கள் புறக்கணித்தன. 1820களின் நீலக் கண்ணாடிச் சர்க்கரைக் கிண்ணம் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல' என்று அதில் பொன்னெழுத்து. மேசைக்கு வரும் பொருளை யார் விளைவித்தார் என்று கேட்கத் தெரிந்த நாடு இது என்பதற்கு அந்தக் கிண்ணம் சாட்சி. தேயிலைக்கு அந்தக் கேள்வி அதே வேகத்தில் எழவில்லை.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 ஜூலையில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் என்று ரேஷன் வந்தது. நீங்கியது 1952 அக்டோபரில். 2 அவுன்ஸ் 57 கிராம். இன்றைய பைக் கணக்கில் வாரத்துக்குப் பதினெட்டு, பத்தொன்பது. அலுவலக அலமாரியில் டீக்கென்று தனியாகக் காசு சேர்த்து டப்பா வைக்கும் ஊரில், அடுத்தவர் பையை எடுத்தால் முகம் மாறுவது ஏன் என்று இதைப் படித்தால் விளங்கும். அன்றைய நாட்குறிப்புகளைப் பார்க்க, பிரைட்டன் அருகே தி கீப் காப்பகத்தில் உள்ள மாஸ் அப்சர்வேஷன் என்ற, சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கைப் பதிவுகளின் சேகரிப்புக்குப் போகலாம்.

நமக்கு நெருக்கமான பகுதி கியூவில் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, மலைநாடே தேயிலைக்கு மாறியது. 1873இல் லண்டனுக்குப் போன முதல் பொதி 23 ராத்தல். அதைப் பறித்த கைகளைத் தேட குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் (சி.ஓ., CO) வரிசைகள் உண்டு: சி.ஓ. 54 ஆளுநர் கடிதங்கள், சி.ஓ. 57 அமர்வு அறிக்கைகள், சி.ஓ. 59 நீலப் புத்தகங்கள் என்ற ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்புகள். தமிழர் என்று மட்டும் தேடினால் பாதி கைநழுவும். 19ஆம் நூற்றாண்டு இலங்கைக் கோப்புகளில் நம்மவரை 'மலபார்' என்றும், தோட்டத்தாரைக் 'கூலி' என்றும் எழுதியிருக்கிறார்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வழங்கிய தமிழ்ப் பெயர் வேறு. வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். 'துண்டு' (tundu) என்று தேடினால், தொழிலாளியின் கடனைச் சீட்டாக எழுதி அவரைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறை பற்றிய விவாதங்கள் கிடைக்கும். 1921இல் அது ஒழிக்கப்பட்டது. சென்னை மாகாணப் பக்கத்துக் குடிபெயர்வுக் கோப்புகளுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் பி (P) எண் நடவடிக்கைத் தொகுதிகள்.

கியூவுக்குப் போகும் முறை கடினமல்ல. வாசகர் அட்டை இலவசம். அடையாளத்துக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என இரண்டு ஆவணம் வேண்டும். புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது முகவரியில்தான். எந்தெந்தக் காகிதத்தை ஏற்பார்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கோப்புகளை முன்பதிவு செய்துவிட்டால் அன்று காத்திருக்க வேண்டாம். பேனா, அழிப்பான், பை உள்ளே போகாது, பென்சில் மட்டும். சொந்த கேமராவில் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுக்கலாம், கட்டணமில்லை. ஒவ்வொரு தாளுக்கும் முன் கோப்பு எண் எழுதிய துண்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் படம் எந்தத் தொகுதி என்று தெரியாமல் முழுநாள் உழைப்பும் வீணாகும்.

பெரும்பாலான தாள்களில் துரைக்கு முழுப் பெயர் இருக்கும், தோட்டத்துக்கு ஏக்கர் கணக்கு இருக்கும், கொழுந்து பறித்தவர் தலை எண்ணிக்கையாகவே இருப்பார். தனி மனிதர் பெயரோடு தட்டுப்படும் வாய்ப்பு, புகார் மனுவும் வழக்கும் மரண விசாரணையும் இணைப்பாகச் சேர்ந்த கடிதங்களில் அதிகம். அதனால் ஆளுநரின் கடிதத்தைப் படித்ததும் தொகுதியை மூடிவிடாமல், பின்னால் தைத்திருக்கும் இணைப்புத் தாள்களைக் கடைசிவரை புரட்டுங்கள்.