தாராவியிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு: ஒரு சிறிய ஐஎஸ்பியின் அனுபவம்

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வீடுகளுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் பிராட்பேண்ட் கொடுக்கும் நிறுவனம் (ஐஎஸ்பி) ஒன்றில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் நான். உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் ஒரு இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சில் சென்ற ஆண்டு சேர்ந்தோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பட்டறையின் கேமராவை செம்பூர் வீட்டிலிருந்து பார்ப்பார். வீட்டில் வேறு ஐஎஸ்பி. டேட்டா பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டால், அது சிங்கப்பூர் வரை போய்த் திரும்பியது. 60 மில்லி செகண்டுக்கு மேல். பக்கத்துப் பேட்டைக்குப் போகும் டிராஃபிக்குக்கு இரண்டு ஐஎஸ்பியும் டிரான்சிட் காசு, அதாவது டிராஃபிக்கை வெளியே சுமந்து செல்லும் பெரிய நெட்வொர்க்குக்கான காசு, கட்டிக்கொண்டிருந்தோம். எக்ஸ்சேஞ்சில் டேட்டா சென்டருக்குள் பொதுவான சுவிட்ச் இருக்கும். அதில் ஆளுக்கொரு போர்ட் எடுத்து, நேராகக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் சேர்ந்த இடத்தில் கட்டணம் போர்ட்டுக்குத்தான், டிராஃபிக்குக்கு இல்லை.

எங்கள் முதலாளி அண்ணாச்சிக்குத் தயக்கம். "போட்டிக்காரனும் நாமளும் ஒரே சுவிட்ச்ல இருந்தா, பெரியவன் நம்மள அமுக்க மாட்டானா தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. விதிமுறைகளை அவருக்கு உட்கார்ந்து படித்துக் காட்டினேன். லாபநோக்கு இல்லாத அமைப்பு. நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். போர்ட் எவ்வளவு பெரிதானாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். லண்டனில் 1994-இல் தொடங்கிய லிங்க்ஸ் எக்ஸ்சேஞ்சும் இதே ஒரு வாக்கு முறையில் வளர்ந்ததுதான். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணாச்சி சரி என்றார்.

ஏஎஸ் எண்ணும் (இன்டர்நெட்டில் நம் நெட்வொர்க்கின் அடையாள எண்) ஐபி முகவரியும் முதலில் கையில் இருக்க வேண்டும். தேசிய இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் அமைப்பான நிக்சியின் கீழ் இயங்கி, இந்த எண்களை வழங்கும் ஐஆர்ஐஎன்என்-இல் விண்ணப்பித்து வாங்கினோம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு /23, அதாவது 512 ஐபிவி4 முகவரிகள். ஆர்ஓஏ, அதாவது இந்த முகவரிகளை எந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம் என்ற பதிவு, பதியும்போது கவனம் வேண்டும். /23-க்கு மட்டும் பதிந்துவிட்டு பாதி பாதியாக இரண்டு /24-ஆக அறிவித்தால், உறுப்பினர்களின் வழிகளைத் தொகுத்து எல்லோருக்கும் சொல்லும் எக்ஸ்சேஞ்சின் ரூட் சர்வர் அதைச் செல்லாது என்று தள்ளிவிடும்.

நவி மும்பை டேட்டா சென்டரில் கிராஸ் கனெக்ட், அதாவது நம் ரூட்டரிலிருந்து எக்ஸ்சேஞ்ச் சுவிட்சுக்குப் போகும் ஃபைபர், இழுப்பதில்தான் இழுபறி. ஃபைபர் போட்டாகிவிட்டது என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். ரூட்டரிலோ வரும் ஒளி மைனஸ் 40 டிபிஎம் காட்டியது. அப்படியென்றால் ஒளியே வரவில்லை. பேட்ச் பேனலில் அனுப்பும் இழை, வாங்கும் இழை இரண்டையும் இடம் மாற்றிச் செருகச் சொன்னேன். உடனே மைனஸ் 4-க்கு வந்து லிங்க் எழுந்தது.

அடுத்து, போர்ட்டை நேராக எல்லோரும் இருக்கும் பொது நெட்வொர்க்கில் விடுவதில்லை. அதே சுவிட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில் (விலேன்) வைத்து நம்மிடமிருந்து என்னென்ன வருகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு போர்ட்டுக்கு ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி). கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஸ்பானிங் ட்ரீ, சிடிபி, எல்எல்டிபி செய்திகள் எதுவும் வெளியே கசியக் கூடாது. அடுத்தவருக்குரிய முகவரிக்கும் நம் ரூட்டரே பதில் சொல்லும் ப்ராக்ஸி ஆர்ப் அணைந்திருக்க வேண்டும். ஒருவர் அசட்டையாக இருந்தால் எல்லோருடைய சுவிட்சும் திணறும் என்பதால் இந்தக் கண்டிப்பு தேவைதான். வழி தெரியாத டிராஃபிக்கையெல்லாம் தள்ளிவிடும் டிஃபால்ட் ரூட்டை அடுத்தவர் ரூட்டரை நோக்கிப் போடுவதும் கூடாது. அது அவருடைய டிரான்சிட்டைத் திருடுவது.

தேறிய பிறகு இரண்டு ரூட் சர்வர்களோடு, வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் பிஜிபி செஷன் எழுப்பினோம். ரூட் சர்வர் வழியை மட்டும்தான் சொல்லும், டிராஃபிக் அதன் வழியாகப் போகாது. அதில் சேர்ந்திருக்கும் எல்லோருடைய ரூட்டும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. செம்பூருக்கு இப்போது 2 மில்லி செகண்ட். பெரிய நெட்வொர்க்குகள் சில ரூட் சர்வரில் இல்லை. அவர்களுக்குத் தனியாக மெயில் போட்டுக் கேட்க வேண்டும். நெட்வொர்க்குகள் தங்கள் இணைப்பு விவரங்களைப் பதிந்து வைக்கும் பியரிங்டிபி தளத்தில் நம் விவரம் சரியாக இல்லாவிட்டால் பதில்கூட வராது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அண்ணாச்சியையும் அழைத்துப் போனேன். மின்சாரம், ரேக் வாடகை, சம்பளம் என்று கணக்கை வரிவரியாக வாசித்தார்கள். மிச்சப் பணத்தை வைத்துப் போர்ட் கட்டணத்தைக் குறைப்பதா, இரண்டாவது டேட்டா சென்டரில் சுவிட்ச் வைப்பதா என்று விவாதம் நடந்தது. கட்டணக் குறைப்பு எங்களைப் போன்றவர்களுக்கு உடனடி லாபம். ஆனாலும் அந்த ஒரு கட்டடத்தில் கரண்ட் போனால் எல்லோருக்கும் போகும் என்று அண்ணாச்சி இந்தியிலேயே எழுந்து பேசினார். முன்வரிசையில் இருந்த பெரிய டெலிகாம் நிறுவனத்தின் பிரதிநிதி கட்டணக் குறைப்புக்குக் கை தூக்கினார், நாங்கள் இரண்டாவது சுவிட்ச்சுக்கு. ஓட்டு எண்ணியபோது இரண்டாவது சுவிட்ச் ஜெயித்தது. அங்கேயும் ஒரு போர்ட் எடுக்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.